காய்கறி உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை வருகிறது? சத்தான உணவின் தூரத்தை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழுந்துவிட்டால் பறிகூலிகூடக் கட்டாது. செடியிலேயே விட்டுவிடுவார்கள். பறித்ததைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்படியொரு வாரத்தில் பென்னாகரம் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். அங்கே இருப்பது ஒரே ஒரு பெட்டிக்கடை. வாசலில் சரம்சரமாக ஷாம்பு, ஊறுகாய், மசாலாப் பாக்கெட்டுகள். கண்ணாடி ஜாடிகளில் முறுக்கும் கடலை மிட்டாயும். கீழே ஒரு பிளாஸ்டிக் கூடையில் கொஞ்சம் வெங்காயம், முளைவிட்ட உருளைக்கிழங்கு நாலைந்து. தக்காளி இருக்கிறதா என்று கேட்டேன். "சந்தை முடிஞ்சு மூணு நாளாச்சே தம்பி, தக்காளி ஏது?" என்றார் கடைக்கார அம்மா.

விளைச்சலுக்கு எங்கள் பக்கம் குறைவில்லை. கிழமையும் தூரமும் சுமையும்தான் இடறுகின்றன. இந்த மூன்றையும் எண்ணாக எழுதிவிட்டால் கிராம சபையில் பேசலாம், ரேஷன் கடையில் பேசலாம், காய் வண்டிக்காரரிடமும் பேசலாம். எண் இல்லாமல் போனால் "உங்க ஊருக்கு மட்டும் என்ன தனியா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதற்கு நான்கைந்து பேர், இரண்டு ஸ்மார்ட்போன், ஒரு தொங்கு தராசு, வார இறுதிகளாக ஆறு வாரம் இருந்தால் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். சொதப்பிய இடங்களையும் மறைக்கவில்லை.

1. முதலில் கேள்வி, ஆப் அப்புறம்

இப்படி ஒரு கூட்டம் போட்டால் பத்தாவது நிமிடத்தில் யாராவது "ஒரு ஆப் பண்ணிடலாம்" என்பார். எங்கள் கூட்டத்தில் அதைச் சொன்னது நான்தான். பண்ணியும் பார்த்தோம். எந்தக் கடையில் என்ன காய், என்ன விலை என்று காட்டும் ஆப். குடியிருப்பில் பாதிப் பேர் போனில் இடமே இல்லை. மீதிப் போன்கள் பகலில் வீட்டுக்காரரோடு பெங்களூரு கட்டட வேலைக்குப் போய்விடும். சமைக்கிறவர் கையில் போனே இல்லாத நேரத்தில் ஆப் எதற்கு? இரண்டு மாத உழைப்பை அப்படியே மூட்டை கட்டினோம்.

சரி, எப்படித் தொடங்குவது? பதில் கிடைத்தால் ஊரிலேயே யாராவது ஏதாவது செய்யக்கூடிய ஒரு கேள்வியைப் பிடியுங்கள். "எங்கள் வட்டாரத்தில் ஊட்டச்சத்து நிலை என்ன?" என்பது ஆராய்ச்சிக்காரர்கள் கேட்க வேண்டியது. பதில் வந்தாலும் ஊராட்சித் தலைவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? "இந்தக் கொட்டாயிலிருந்து (சிறு குடியிருப்பிலிருந்து) அரைமணி நடைக்குள் வாரத்தில் எத்தனை நாள் கீரையும் காயும் வாங்க முடிகிறது?" இதற்குப் பதில் இரண்டு நாள் என்று வந்தால் அதை மூன்றாக்க முயலலாம். "ரேஷனில் துவரம்பருப்பு எந்தத் தேதிக்குள் தீர்கிறது?" என்பதும் நல்ல கேள்வி.

எல்லையை ஓர் ஊராட்சியோடு நிறுத்துங்கள். ஆனால் அந்த ஊராட்சியின் எல்லாக் குக்கிராமங்களையும் எடுங்கள். தார்ச்சாலையோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு அழகாக வரும், உண்மை அதற்கு அப்பால் இருக்கும்.

2. ஏற்கெனவே இருக்கும் எண்கள்

வீடு வீடாகப் போகும் முன் இருப்பதைப் பார்த்துவிடுவது மரியாதை.

2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின் மாவட்ட அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் இது 57.4 சதவீதம். உங்கள் மாவட்டத்தின் எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை உங்கள் ஊராட்சியின் எண்ணாகச் சொல்லிவிடாதீர்கள். ஒரு மாவட்டத்துக்குச் சில நூறு வீடுகளைத்தான் அந்த ஆய்வு பார்க்கிறது, அது ஊருக்குள் இறங்காது. ஏன் இந்த வேலை என்று கேட்பவருக்குச் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

பொது விநியோகத் துறையின் இணையதளம் இதைவிடப் பயனுள்ளது. மாவட்டம், வட்டம், கடை என்று இறங்கினால் கடைவாரியாக அட்டைகளின் எண்ணிக்கையும் இருப்பும் தெரியும். இணையம் இல்லாதவர், அட்டையில் பதிந்த எண்ணிலிருந்து 97739 04050-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். ஆங்கில எழுத்தில் பி.டி.எஸ் என்று தட்டி, இடைவெளி விட்டு 101 என்று போட்டால் கடையில் உள்ள இருப்பு வரும். 102 என்று போட்டால் கடை திறந்திருக்கிறதா என்று வரும். மாதம் முழுக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒருவர் இதை அனுப்பி, வரும் பதிலை நோட்டில் எழுதினாலே பருப்பு எந்தத் தேதியில் தீர்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். மீதிப் பாதிக்குக் கடைக்கு நேரில் போக வேண்டும். திரையில் இருப்பு இருப்பதும் பையில் பருப்பு விழுவதும் எப்போதும் ஒன்றல்ல.

தருமபுரிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் திட்டம் தொடங்கியது. உங்கள் கடையில் அது எப்படி நடக்கிறது என்பதையும் பட்டியலில் சேருங்கள்.

விலைக்கு உழவர் சந்தைப் பலகை, உழவன் செயலி, அக்மார்க்நெட் தளம் ஆகியவை இருக்கின்றன. இவை டவுன் விலை. உங்கள் பெட்டிக்கடை விலையோடு ஒப்பிட ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அங்கன்வாடிக் குழந்தைகளின் எடையும் உயரமும் போஷன் டிராக்கர் செயலியில் ஏறுகின்றன, ஆனால் ஒவ்வொரு குழந்தையின் விவரமும் உங்களுக்குக் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. பணியாளரிடம் நைச்சியமாகக் கேட்டு வாங்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

3. கிழமை உள்ள வரைபடம்

நகரத்தில் உணவு வரைபடம் என்றால் கடைகளுக்குப் புள்ளி வைத்தால் முடிந்தது. நம் பக்கம் கடை நடந்து வரும். காரிமங்கலத்துக்குச் செவ்வாய், போச்சம்பள்ளிக்கு ஞாயிறு என்று சந்தைக்குக் கிழமை உண்டு. குட்டியானையில் மைக் கட்டிக்கொண்டு வரும் காய் வண்டிக்கும் கிழமை உண்டு. போச்சம்பள்ளிச் சந்தைத் திடலில் புதன்கிழமை போய்ப் புள்ளி வைத்தால் அந்தப் புள்ளியில் என்ன வாங்க முடியும்?

அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் ஏழு கிழமைகளுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். நேரமும் வேண்டும். ஓசூர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் இருட்டிய பின் இறங்கும் பெண்ணுக்குக் காலை 10 மணிக்கு வந்துபோன வண்டி வராத வண்டிதான்.

பதிவுக்கு நாங்கள் பயன்படுத்துவது கோபோ டூல்பாக்ஸ். கேள்விப் படிவத்தைக் கணினியில் தமிழில் தயாரித்து, போனில் கோபோ கலெக்ட் செயலியில் இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். சித்தேரி, அஞ்செட்டி மாதிரி இடங்களுக்கு இது இல்லாமல் முடியாது. கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும் எல்லாவற்றையும் அனுப்பிவிடலாம். படிவத்தில் இவை போதும்: இடத்தின் வகை (ரேஷன், மளிகை, பெட்டிக்கடை, சந்தை, வண்டி, பால் சொசைட்டி, கறிக்கடை), ஜி.பி.எஸ் புள்ளி, கிழமைகள், நேரம், குளிர்பெட்டி உண்டா, அன்று இருந்த பொருள்கள், விலை. புள்ளி எடுக்கும்போது திரையில் துல்லியம் 10 மீட்டருக்குக் கீழே வரும்வரை நில்லுங்கள். புளியமரத்தடியில் நின்றால் வராது, வெட்டவெளிக்கு வாருங்கள். வண்டிக்கு ஒரு புள்ளி போதாது, அது நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் எடுக்க வேண்டும். வண்டிக்காரரோடு ஒரு நாள் முன்சீட்டில் உட்கார்ந்து போய்விடுவதே சுலபம். ஊர்க்கதையும் கிடைக்கும்.

ரேஷன் கடை, சந்தைத் திடல், ஊர்ப்பாதை போன்ற நிரந்தரமான பொது இடங்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலும் ஏற்றிவிடுங்கள். 2004-இல் தொடங்கிய, யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரைபடம் அது. கூகுள் மேப்பைப் பார்த்து அதில் நகல் எடுக்கக் கூடாது, உரிமச் சிக்கல் வரும். நடந்து பார்த்ததை மட்டும் போடுங்கள்.

தூரத்தில் ஓர் எச்சரிக்கை. வரைபட மென்பொருள் ஒரு புள்ளியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு "இதற்குள் எல்லாருக்கும் கடை எட்டும்" என்று காட்டும். வட்டத்துக்கு ஏரியும் தெரியாது, மலையும் தெரியாது. தருமபுரி மாவட்டத்தில் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஊருக்கு வட்டம் போட்டு என்ன பயன்? கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தில் அளங்கள். போகும்போது எவ்வளவு, சுமையோடு ஏறி வரும்போது எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். உங்கள் நடையில் அளக்காமல், சந்தைக்குப் போகும் ஓர் அம்மாவோடு சேர்ந்து நடந்து அளங்கள்.

4. தராசு

சந்தையில் விலை கேட்டால் "கூறு 20" என்பார்கள். கீரை கட்டுக் கணக்கு. அவரை, மொச்சை படிக் கணக்கு. கடைசி பஸ் கிளம்பும் நேரத்தில் அதே 20 ரூபாய்க்குக் கூறு இரண்டு மடங்காகும். இதையெல்லாம் அப்படியே எழுதிவைத்தால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. கையில் தொங்கு தராசு வைத்துக்கொண்டு, ஒரு கூறை வாங்கி, ஓரமாகப் போய் நிறுத்து, கிலோ விலையாக மாற்றுங்கள். வியாபாரி முன்னால் நிறுக்க வேண்டாம். தராசைக் கண்டால் அளவைத் துறை ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்களை நினைத்தார்கள்.

பத்துப் பொருள் போதும்: தக்காளி, வெங்காயம், கத்திரி, அவரை, ஏதாவது ஒரு கீரை, வாழைப்பழம், துவரம்பருப்பு, முட்டை, பால், ராகி. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று நான்கு வாரம் எடுங்கள். சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணைப் பாருங்கள். அதாவது விலைகளை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பது. தக்காளி ஒரு வாரம் எகிறினால் சராசரி கூடவே எகிறும், நடு எண் அவ்வளவு அசையாது.

விலையோடு போக்குவரத்தையும் கூட்டுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் பல குக்கிராமங்களுக்கு வருவது மினிபஸ், ஷேர் ஆட்டோ. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். டவுனில் தக்காளி 20, பெட்டிக்கடையில் 30, ஆட்டோவுக்குப் போக 15, வர 15 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்காகப் போனால் அந்தத் தக்காளியின் விலை 50. மூன்று கிலோ வாங்கினால்தான் இரண்டும் சமம். பெட்டிக்கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். போட்டு முடித்தபின் அந்த அம்மாவிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

5. சுமைக் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2000 கலோரி கணக்கில் ஒருவருக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சொல்கிறார்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வாரத்துக்குக் காய் 11.2 கிலோ, பழம் 2.8 கிலோ. மொத்தம் 14 கிலோ. வாரச் சந்தையில் ஒரே தடவையில் வாங்கி, இரண்டு பையில் தூக்கி, பஸ்ஸில் இடம் பிடித்து, இறங்கி, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மண்பாதையில் நடந்து வர வேண்டும். வந்தால் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. கீரை மறுநாளே வாடும், தக்காளி நான்காம் நாள் கசியும்.

"சந்தையன்னிக்கு வாங்கினது ரெண்டு நாளைக்கு வரும். அப்புறம் புளியும் மொளகாயும்தான்" என்று ஓர் அம்மா சொன்னதில் இந்தக் கணக்கு முழுதும் இருக்கிறது. அவருக்குச் சத்துணவைப் பற்றி வகுப்பெடுக்க வந்தவர்கள் நிறைய. அந்த 14 கிலோவை யார் தூக்குவது என்று கேட்டவர்களை நான் பார்க்கவில்லை.

அதனால் நாங்கள் ஒரே ஓர் அளவு வைத்துக்கொண்டோம். பெயர் "காய் நாள்". ஒரு குக்கிராமத்திலிருந்து அரைமணி நடைக்குள் ஒரு கீரையும் இரண்டு காயும், அதோடு பருப்பு அல்லது முட்டையும் வாங்க முடிகிற கிழமைகளின் எண்ணிக்கை அது. செவ்வாய் சந்தை, சனி வண்டி என்றால் காய் நாள் 2. யாருக்கும் புரியும், யாரும் சரிபார்க்கலாம். சதவீதம், குறியீடு என்று போனால் கிராம சபையில் கண்கள் சுவரைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

6. வீட்டில் கேட்பது

வாங்க முடிவது ஒன்று, தட்டில் விழுவது ஒன்று. இரண்டாவதைப் பார்க்க, உலக உணவு வேளாண்மை அமைப்பு பரிந்துரைக்கும் ஒரு சுலபமான முறை இருக்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டதைக் கேட்டு, பத்து வகையில் எத்தனை வந்தது என்று எண்ண வேண்டும். தானியமும் கிழங்கும் ஒரு வகை, பருப்பு, கடலை-எள் முதலிய விதைகள், பால் பொருள், கறி-மீன், முட்டை, கரும்பச்சைக் கீரை, ஏ வைட்டமின் மிகுந்த காய்-பழம், மற்றக் காய், மற்றப் பழம். ஐந்தையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. இது ஊருக்கான அளவு. ஒருவரைப் பார்த்து "உங்களுக்கு மூன்றுதான்" என்று சொல்வதற்கானது அல்ல.

புத்தகத்தில் இல்லாத சில நெளிவு சுளிவுகள்:

காலையில் களி, மதியம் சோறு, இரவில் உருளைக்கிழங்கு வறுவலோடு சோறு என்றால் மூன்று வேளையும் ஒரே வகைதான். அதேசமயம் களிக்கும் சோற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த முறை காட்டாது. 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம், தீட்டிய அரிசியில் பத்துக்கும் கீழே. அதனால் ராகி, சாமைக்குத் தனியாக ஒரு கட்டம் வையுங்கள். படிவத்தில் "கேழ்வரகு" என்று அச்சடித்தாலும் வாயால் "ராகி" என்றோ "கேவுரு" என்றோ கேளுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் கன்னடமோ தெலுங்கோ பேசும் ஒருவர் கூட இருக்க வேண்டும். வீட்டுமொழியில் கேட்டால்தான் மறந்துபோன பதார்த்தமெல்லாம் நினைவுக்கு வருகிறது.

15 கிராமுக்குக் குறைந்தது கணக்கில் வராது. தாளிப்பில் போட்ட கறிவேப்பிலை கீரையாகாது, டீயில் விட்ட பால் பாலாகாது.

"கீரை சாப்பிட்டீங்களா?" என்றால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்கினால்தான் கீரை என்று ஓர் எண்ணம். "களிக்கு என்ன தொட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கொல்லையில் பறித்த பண்ணைக்கீரையும் முருங்கையும் அப்போதுதான் வெளியே வரும். முதல் சுற்றில் இதைத் தவறாகக் கேட்டு, கீரையே தின்னாத ஊர் என்று எழுதிக்கொண்டு வந்தோம். அந்தத் தாள்கள் முழுக்கக் குப்பைக்குப் போயின.

மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரியில் எடுத்தால் ஊரே ஏ வைட்டமினில் முதல் மார்க் வாங்கும். பழுத்த மாம்பழம் அந்த வகையில் வருகிறது. ஆடி முடிந்து போனால் அதே ஊர் சரிந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு தடவையாவது எடுங்கள், அடுத்த ஆண்டு அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று வரிசை மாறாமல் போங்கள். திண்ணையில் கூப்பிட்டு உட்காரவைத்து மோர் தரும் வீடுகளில் மட்டும் கேட்டால் எண் உயர்ந்துவிடும். மாலை 6 மணிக்கு மேல் போனால்தான் வேலைக்குப் போனவர்களைப் பிடிக்கலாம்.

அனுமதி கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 2023-இல் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னார் வீட்டில் நேற்று உலை வைக்கவில்லை என்பது ஊருக்குத் தெரிந்தால் அந்த வீட்டுக்கு என்ன ஆகும்? பெயர், ஆதார், போன் எண், வீட்டின் ஜி.பி.எஸ் புள்ளி எதையும் எடுக்காதீர்கள். குக்கிராமத்தின் பெயரும் வரிசை எண்ணும் போதும். ஐந்தாறு வீடே உள்ள கொட்டாய் என்றால் பக்கத்துக் கொட்டாயோடு சேர்த்து ஓர் எண்ணாகக் காட்டுங்கள்.

7. சேர்ப்பதும் துடைப்பதும்

இது அலுப்பான வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் ஷீட்டோ லிப்ரே ஆபீஸோ, எது பழக்கமோ அது. தருமபுரி, தர்மபுரி என்றும் பென்னாகரம், பெண்ணாகரம் என்றும் ஒரே ஊர் இரண்டு விதமான எழுத்தில் வரும். கவுண்டன் கொட்டாய் என்றால் எந்தக் கவுண்டன் கொட்டாய்? ஒன்றியத்துக்குப் பத்து இருக்கும். மத்திய அரசின் உள்ளாட்சி அடைவுத் தளத்தில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு எண் உண்டு. அதை முதல் பத்தியில் போட்டு, குக்கிராமங்களுக்கு நீங்களே 1, 2, 3 என்று கொடுத்துவிடுங்கள். பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். மூலப் பதிவைத் தொடாமல் தனி நகலில் மட்டும் திருத்துங்கள்.

வரைபடத்துக்கு யூமேப் போதும், கணினி பழகியவர்கள் கியூஜிஐஎஸ் எடுத்துக்கொள்ளலாம். காய் நாள் 0-1 சிவப்பு, 2-3 மஞ்சள், 4-க்கு மேல் பச்சை. அதற்கு மேல் அலங்காரம் செய்தால் யாரும் படிப்பதில்லை.

8. எண்ணை வைத்து என்ன செய்வது?

தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஆறு வாரம் இவற்றில் ஒன்றுக்கு முன் முடியும்படி திட்டமிடுங்கள். ஒரே தாள், ஒரே கோரிக்கை. "ஊட்டச்சத்தை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் தீர்மானம் நிறைவேறும், எதுவும் நடக்காது. "4-ஆம் எண் குக்கிராமத்தில் பகுதிநேர ரேஷன் கடை, வாரம் ஒரு நாள்" என்று எழுதினால் யாரோ ஒருவர் ஆம் இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். ரேஷன் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அது கைக்கு வந்தாலே மாதச் செலவில் காய்க்கு இடம் பிறக்கிறது. கடையைப் பற்றிய உங்கள் பதிவுகளுக்கு 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதன் 28-ஆம் பிரிவு சமூகத் தணிக்கையையும், 29-ஆம் பிரிவு கண்காணிப்புக் குழுவையும் சொல்கிறது. விற்பனையாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தொனி மட்டும் வேண்டாம். பாதி நேரம் அவருக்கே சரக்கு தாமதமாகத்தான் வருகிறது.

அரசு வருவதற்குள் நாமே செய்யக்கூடியது காய் வண்டி. வண்டிக்காரர் ஏன் உள்ளே வருவதில்லை? டீசல் போட்டு மேலேறி வந்து, பாதிச் சரக்கை அப்படியே திருப்பிக்கொண்டு போக அவருக்குக் கட்டுப்படியாகாது. எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வருவார். அந்தத் தகவலைத் தருவதுதான் இங்கே தொழில்நுட்பத்தின் வேலை.

எங்களுக்கு நடந்தது இப்படி. மகளிர் குழுவில் ஒருவர் பொறுப்பேற்றார். வண்டி வரும் நாளுக்கு முந்தின இரவு அவர் வீடு வீடாகவோ போனிலோ கேட்டு, ஒரு தாளில் வரிசையாக எழுதி, வாட்ஸ்அப்பில் வண்டிக்காரருக்குக் குரல் பதிவாக அனுப்புவார். "தக்காளி பன்னெண்டு கிலோ, அவரை நாலு, முருங்கைக்கீரை பத்துக் கட்டு." தட்டச்சு கிடையாது, ஆப் கிடையாது. வண்டிக்காரரும் ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வார். நாள் தேர்வில்தான் எங்கள் தரவு கைகொடுத்தது. சந்தை செவ்வாய்க்கிழமை, வாங்கிய காய் வியாழனுக்குள் தீர்கிறது என்று வீட்டுப் பதிவுகள் காட்டின. வண்டிக்காரரோ புதன்கிழமை வந்து, யாரும் வாங்கவில்லை என்று அலுத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கு மாற்றச் சொன்னோம், மாற்றினார்.

அரசுத் தொடக்கப் பள்ளி இருந்தால் இன்னும் சுலபம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சாம்பாருக்குக் காய் வாங்கத்தான் போகிறார்கள், கிராமங்களில் சமைப்பதும் பெரும்பாலும் மகளிர் குழுப் பெண்கள்தான். பள்ளியின் தேவையும் வீடுகளின் தேவையும் ஒரே வண்டியில் வந்தால் வண்டிக்கு நிச்சயமான விற்பனை.

எங்கும் கிடைக்காத பொருள் என்று ஒன்றிரண்டு மிஞ்சும். பெரும்பாலும் கீரைதான், அது வண்டியில் வந்தாலும் வாடித்தான் வருகிறது. அதற்கு விதைதான் வழி. பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ கேட்டுப் பாருங்கள். கழுவுகிற தண்ணீர் போகும் இடத்தில் இரண்டு பாத்தி போதும். கொல்லையே இல்லாத வீடுகளை மட்டும் தனியே குறித்துவைத்து, அங்கன்வாடி வளாகத்தில் இடம் கேளுங்கள்.

9. மறுபடி எண்ணுவது

மூன்று மாதம் கழித்துக் காய் நாளை மறுபடி எண்ணுங்கள். வீட்டுக் கேள்வியை அதே பருவத்தில் மறு ஆண்டு கேளுங்கள். காய் நாள் கூடியும் தட்டில் வகை கூடவில்லை என்றால் காசுதான் இடிக்கிறது என்று அர்த்தம். வண்டியை நிறுத்தாமல், வேலை நாள், கூலி, ரேஷன் பக்கம் பார்வையைத் திருப்புங்கள்.

வரைபடத்தைப் போனிலேயே வைத்திருக்காதீர்கள். பெரிய தாளில் அச்சடித்து, டீக்கடைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் தாளில் முதல் வாரத்திலேயே நான்கு திருத்தம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை சில்லறையாகக் கொடுக்கிறார்கள் என்று ஒருவர் அம்புக்குறி போட்டிருந்தார். ஒரு பாதையை அடித்துவிட்டு "மழைக்கு இது ஓடாது" என்று இன்னொருவர். கீழே, கோணல் எழுத்தில்: "வண்டி வெள்ளிக்கிழம 4 மணிக்கு வருது. 5 மணிக்கு வந்தா நாங்களும் வாங்குவோம்." அன்று மாலையே வண்டிக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினோம்.